சீட்டுப் பணம் 65,000, எதிரில் நான்கு லேப்டாப்

தை மாதம் அக்கா சீட்டு எடுத்தாள். தள்ளு போகக் கையில் வந்தது 65,000 ரூபாய். பிசிஏ முடித்துவிட்டு ஜாவா படித்துக்கொண்டிருக்கும் மகளுக்கு லேப்டாப் வாங்க வேண்டும் என்றுதான் அந்தச் சீட்டையே கட்டினாள். பணம் வந்த அன்று சாயங்காலம் பெண் என் வீட்டுக்கு வந்துவிட்டாள். “சித்தி, எது வாங்கலாம்னு நீ சொல்லு, அதையே வாங்கிக்கிறேன்” என்றாள்.

அதற்குள் ஆளுக்கொரு யோசனை சொல்லியிருந்தார்கள். கல்லூரியில் சீனியராக இருந்த பெண், தவணையிலாவது ஆப்பிளின் மேக்புக் ஏர் எடு என்றாளாம். கூடப் படித்த பையன்கள் கேமிங் லேப்டாப் என்றார்கள். மாமா, அதாவது அவளுடைய அப்பா, ஷோரூமில் போய் புதுசாக, பில்லோடு, வாரன்டியோடு ஒரு விண்டோஸ் லேப்டாப் என்றார். நாலாவது யோசனை என்னுடையது: பெரிய கம்பெனிகள் மூன்று நான்கு வருஷம் ஓட்டிவிட்டுக் கழிக்கிற பிசினஸ் லேப்டாப், சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில். மாமாவுக்கு அது பிடிக்கவில்லை. “முதல்முதலா வாங்கறது, யாரோ தேய்ச்சதையா வாங்கறது?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு வாயால் பதில் சொல்லாமல் நாலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். பதினோரு வருஷமாக நான் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறேன், வடசென்னைத் தண்டையார்பேட்டையிலிருந்து தினம் ஆபீஸ் போய் வருகிறேன். இதே கணக்கைப் போட வேண்டிய வீடுகள் எங்கள் பக்கம் நிறைய இருக்கின்றன என்பதால் எழுதுகிறேன்.

விலையைப் பார்ப்பதற்கு முன்னால் அவளை என் மேஜையில் உட்கார வைத்தேன். என்னுடையது 32 ஜிபி ராம் (திறந்த புரோகிராம்கள் எல்லாம் உட்காரும் நினைவகம்) உள்ள விண்டோஸ் மெஷின். “நீ தினமும் என்னென்ன திறந்து வைப்பியோ எல்லாத்தையும் திற” என்றேன். ஜாவா எழுதுகிற இன்டெல்லிஜே, அதில் ஒரு ஸ்பிரிங் பூட் புராஜெக்ட். மென்பொருளைத் தனிப் பெட்டியில் போட்டது மாதிரி ஓட்டுகிற டாக்கரில் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ். ரியாக்டில் எழுதிய வெப் பக்கத்துக்கு விஎஸ் கோட் என்ற எடிட்டர். குரோமில் பதினெட்டு டேப், அதில் ஒன்றில் யூடியூப் பாடம். எல்லாம் ஓட ஆரம்பித்த பிறகு டாஸ்க் மேனேஜரைத் திறந்தோம். விண்டோஸும் அதன் பின்னணி வேலைகளும் நாலு ஜிபியை ஒட்டி. இன்டெல்லிஜேயும் ஜாவாவும் சேர்ந்து மூன்றுக்கு மேல். குரோம் மூன்று. டாக்கருக்காக ஓடுகிற லினக்ஸ் மெஷின் மூன்றரை. மொத்தம் பதினாலைத் தொட்டு நின்றது. இத்தனைக்கும் அவள் எழுதியிருந்தது மூன்று டேபிள் உள்ள ஒரு சின்ன நூலக புராஜெக்ட்.

8 ஜிபி மெஷினில் இதையே திறந்தால் நின்றுவிடாது, ஓடும். இடம் போதாததையெல்லாம் எஸ்எஸ்டியில், அதாவது ஃபைல்களைச் சேமிக்கிற டிஸ்கில், எழுதி வைத்து, கேட்கும்போது திரும்ப எடுத்து, நாள் முழுக்க இந்த வேலையையே செய்துகொண்டிருக்கும். ஒரு டேபிலிருந்து இன்னொரு டேபுக்குப் போக இரண்டு வினாடி, ரன் அழுத்தினால் நாற்பது வினாடி. கற்றுக்கொள்கிற வயதில் அந்த நாற்பது வினாடியில் கை தானாகப் போனை எடுக்கும். என் டீமில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளிடம் இதை நான் நிறைய பார்த்திருக்கிறேன். ஆண்ட்ராய்டு ஆப் எழுதுகிற ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவுக்கு கூகுளே தன் பக்கத்தில் எமுலேட்டரோடு (கம்ப்யூட்டருக்குள்ளேயே ஓடுகிற மாதிரி போன்) ஓட்டக் குறைந்தது 16 ஜிபி, பரிந்துரை 32 என்று போட்டிருக்கிறது. ஆகவே 16-க்குக் கீழே எதையும் பார்ப்பதில்லை என்று அன்றே முடிவு செய்தோம். பிராசசர் இரண்டாம் பட்சம்.

அடுத்து நான் பார்ப்பது, எது கழன்று வரும், எது வராது என்பதை. எஸ்எஸ்டி பெரும்பாலான விண்டோஸ் மெஷின்களில் கழன்று வரும். பேட்டரியை மாற்றலாம். ராம் சிலவற்றில் ஸ்லாட்டில் இருக்கும், சிலவற்றில் மதர்போர்டோடு சால்டர் வைத்து ஒட்டியிருக்கும். ஸ்கிரீன், கீபோர்டு, எடை, கீல் இதெல்லாம் வாங்கும்போது எப்படியோ கடைசிவரை அப்படித்தான். மாற்ற முடியாததில் பணத்தைப் போட வேண்டும், மாற்றக்கூடியதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பெரும்பாலானவர்கள் தலைகீழாகச் செய்கிறார்கள், 1 டிபி எஸ்எஸ்டி இருக்கிறது என்று சொல்லி மங்கலான ஸ்கிரீனை வாங்கி வந்துவிடுகிறார்கள்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம் மெல்லிசாக, அழகாக இருக்கிறது என்று ஒரு லேப்டாப் வாங்கினேன். 4 ஜிபி ராம், போர்டோடு ஒட்டியது. அப்போது வீடு காசிமேட்டுப் பக்கம், மூன்றாவது மாடி, ஜன்னலைத் திறந்தால் கடல் காற்று நேராக மேஜைக்கு வரும். ஒன்றரை வருஷத்தில் ராம் போதவில்லை, கூட்டவும் வழியில்லை. இரண்டரை வருஷத்தில் யுஎஸ்பி போர்ட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் பச்சைக் களிம்பு. ஒருநாள் சார்ஜ் ஏறவில்லை. சர்வீஸ் சென்டரில் போர்டை மாற்ற வேண்டும், 27,000 ஆகும் என்றார்கள். வாங்கிய விலையே 45,000. ஒரு சின்ன சார்ஜிங் பாகம் போனதற்கு முழு போர்டும் போய்விட்டது, ஏனென்றால் எல்லாமே ஒன்றில் ஒட்டியிருந்தது.

உப்புக்காற்று எங்கள் பக்கத்துக்கென்று இருக்கிற முதல் கணக்கு. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் வரை கடலை ஒட்டி இருக்கிற வீடுகளில் கதவுத் தாழ்ப்பாளே இரண்டு வருஷத்தில் துருப்பிடிக்கும். அந்தக் காற்றைத்தான் லேப்டாப் ஃபேன் உள்ளே இழுக்கிறது. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி கிளப்புகிற தூசும் அதோடு சேர்ந்துகொள்ளும். இரண்டாவது, கரண்ட். பராமரிப்பு என்று அறிவித்துவிட்டால் காலை ஒன்பதிலிருந்து மதியம் இரண்டு வரை இருக்காது. மூன்றாவது, தூரம். சாஃப்ட்வேர் வேலை பெரும்பாலும் கிண்டி, தரமணி, பழைய மாமல்லபுரம் சாலை என்று ஊரின் அந்தக் கோடியில் இருக்கிறது. 2021-ல் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்த பிறகு கிண்டிக்குப் போவது எவ்வளவோ தேவலை. ஆனாலும் அதற்கப்புறம் பஸ் பிடித்து, நின்றுகொண்டே போகிறவர்கள்தான் அதிகம். அரைக் கிலோ எடை வித்தியாசம் தோளுக்குத் தெரியும்.

இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு பார்த்தால் மேக்புக் ஏர் உண்மையிலேயே நல்ல மெஷின். சீனியர் பெண் சொன்னதில் தப்பில்லை. 2020 நவம்பரில் ஆப்பிளின் சொந்தச் சிப்பான எம்1 வந்ததிலிருந்தே ஏர் மாடலில் ஃபேன் கிடையாது, ஆகவே உப்பையும் தூசையும் உள்ளே இழுக்க ஒன்றுமில்லை. எடை ஒன்றே கால் கிலோதான். பில்ட், அதாவது எழுதிய கோடை ஓடுகிற புரோகிராமாகக் கட்டுவது, வேகமாக ஓடும். கரண்ட் இல்லாத அந்த ஐந்து மணி நேரத்தைச் சார்ஜர் இல்லாமலேயே தாண்டிவிடும். கூடவே லினக்ஸ் மாதிரியே கட்டளைகளைத் தட்டுகிற டெர்மினல். ஐபோன் ஆப் எழுதுவதுதான் வேலை என்றால் அதற்கான எக்ஸ்கோட் மேக்கில் மட்டும்தான் ஓடும், அங்கே வேறு பேச்சே இல்லை.

விலையில்தான் நின்றோம். 2025 மார்ச்சில் எம்4 ஏர் வந்தபோது ஆரம்ப விலை 99,900, மாணவர்களுக்கு 89,900. அதில் 16 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி. டாக்கர் இமேஜ்கள் (டாக்கர் ஓட்டுகிற மென்பொருள் தொகுப்புகள்), ஆண்ட்ராய்டு எமுலேட்டர், போன் பேக்கப் என்று போட்டால் 256 ஒரே வருஷத்தில் நிரம்பும். ராமும் எஸ்எஸ்டியும் பிறகு கூட்ட முடியாது, வாங்கும்போதே கூட்டினால் ஒவ்வொரு படிக்கும் 20,000 ரூபாய். சீட்டுப் பணம் போக மீதியைத் தவணையில் கட்டலாம்தான். ஆனால் வேலை கிடைக்காத பெண்ணின் தலையில் மாதம் ஒரு தவணையை ஏற்றிவிட்டால், அவள் கிடைத்த வேலைக்கு ஓடுவாள். நல்ல வேலைக்குக் காத்திருக்க மாட்டாள். இதுதான் எனக்குப் பெரிய தடையாக இருந்தது.

அப்படியானால் பழைய எம்1 ஏர்? பலரும் கேட்பது இது. வெளியே சுற்றுகிற எம்1 ஏர்களில் பெரும்பாலானவை 8 ஜிபி. மேக்கில் 8 ஜிபி விண்டோஸில் 16 மாதிரி என்று சொல்வார்கள். வெப் பார்க்கிறவருக்கு அது சரி. டாக்கர் மேக்கில் லினக்ஸுக்கென்று ஒரு தனி மெஷினை உள்ளே ஓட்டுகிறது, அதற்கு ராமைப் பிரித்துக் கொடுத்தே ஆக வேண்டும். 16 ஜிபி எம்1 ஏர் நியாயமான விலைக்குக் கிடைத்தால் யோசிக்கலாம், எங்களுக்குக் கிடைக்கவில்லை. இன்னொன்று, மேக் எடுத்தால் அது ஆர்ம் சிப். கம்பெனி சர்வர் பெரும்பாலும் எக்ஸ்86, அதாவது இன்டெல், ஏஎம்டி வகை. மேக்கில் கட்டிய இமேஜ் அங்கே அப்படியே ஓடாது, எந்த பிளாட்ஃபார்முக்கு என்று சொல்லிக் கட்ட வேண்டும். தெரிந்தவருக்கு ஒரு வரி, கற்றுக்கொள்கிறவருக்கு ஒரு நாள் போகும்.

கேமிங் லேப்டாப்பைப் பற்றிக் கூடப் படித்த பையன்கள் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. பிராசசர் பலமானது, ராம் ஸ்லாட் பெரும்பாலும் இரண்டு இருக்கும், குளிரூட்டல் நன்றாக இருப்பதால் பெரிய பில்டும் தளராமல் ஓடும். மேஜையை விட்டு நகராத மெஷின் என்றால் காசுக்கு ஏற்ற சரக்கு. ஆனால் எடை இரண்டேகால் கிலோவுக்கு மேல், 180 அல்லது 230 வாட் அடாப்டர் தனியாக ஒரு செங்கல் மாதிரி. பேட்டரியில் மூன்று நான்கு மணி நேரம் வந்தால் பெரிது, அதிலும் பிளக்கைக் கழற்றிவிட்டால் வேகம் இறங்கிவிடும். கோட் எழுதிக்கொண்டிருக்கும்போது அந்த 230 வாட்டையும் இழுக்காது என்பது நிஜம். ஆனால் பில்ட் ஓடும்போதும் பேட்டரி ஏறும்போதும் அக்கா வீட்டு இன்வெர்ட்டரில் ஃபேன், லைட், ரூட்டர் எல்லாவற்றோடும் இது போட்டி போடும். 65 வாட் அடாப்டருக்கு அந்தக் கவலை இல்லை. இரண்டு பெரிய ஃபேன்கள் கடல் காற்றை எவ்வளவு இழுக்கும் என்று வேறு யோசிக்க வேண்டும்.

‘ஏஐ படிக்கணும்னா ஜிபியு வேணுமே?’ என்று அந்தப் பையன்கள் கேட்டார்களாம். 75,000-க்கு வருகிற கேமிங் மெஷினில் ஜிபியுவுக்கு, அதாவது கிராபிக்ஸ் சிப்புக்கு, 6 ஜிபி மெமரி இருக்கும். பிரவுசரிலேயே கோட் ஓட்டுகிற கூகுள் கோலாப் இலவசமாகத் தருகிற டி4 ஜிபியுவில் 16 ஜிபி. நேர வரம்பு உண்டு, எப்போதும் கிடைக்கும் என்றும் சொல்ல முடியாது. ஆனாலும் படிக்கிற கட்டத்துக்கு அது போதும். கேம் டெவலப்மென்ட்டுக்கே போகிறவர், அன்ரியல் எஞ்சினில் வேலை செய்கிறவர் என்றால் மட்டும் கேமிங் லேப்டாப்பை வாங்கச் சொல்வேன்.

மாமா சொன்ன புது விண்டோஸ் லேப்டாப்பில்தான் கண்ணைத் திறந்து வைத்துப் பார்க்க வேண்டியது அதிகம். ஒரு வருஷ வாரன்டி, புது பேட்டரி, கையில் பில். இது சின்ன விஷயமில்லை. 55,000-லிருந்து 65,000-க்குள் நல்ல மெஷின் கிடைக்கவும் செய்கிறது. கிடைப்பதில் பாதி, பெயரை வைத்து ஏமாற வைக்கிற மெஷின்.

ஷோரூமில் அவளுக்கு முதலில் காட்டியது ரைசன் 5 7520யு பிராசசர் போட்ட ஒன்று. ‘ஏழாயிரம் சீரிஸ் மேடம், புதுசு’ என்றார்களாம். ரைசனைச் செய்கிற ஏஎம்டி வைத்த அந்த நான்கு எண்களில் முதலாவது எந்த வருஷத்து மாடல் என்பதைச் சொல்கிறது. உள்ளே இருக்கிற சிப் வடிவமைப்பு எந்தத் தலைமுறை என்பதைச் சொல்வது மூன்றாவது எண். 7520-ல் அது 2, அதாவது 2019-ல் வந்த ஜென் 2. நாலு கோர், அதாவது கணக்குப் போடுகிற பகுதி நாலு. அதைவிட முக்கியம், அந்தச் சிப் ஏற்கிற ராம் வகை போர்டில் ஒட்டித்தான் வரும், 8 ஜிபி என்றால் ஆயுசுக்கும் 8 ஜிபி. அதே அலமாரியில் பக்கத்தில் இருந்த 7530யு-வில் மூன்றாவது எண் 3, ஆறு கோர், ஒரு தலைமுறை புதுசு. எழுத்தில் ஒரே ஒரு எண் வித்தியாசம். இன்டெல்லிலும் இப்படித்தான். பத்து கோர் என்று பெரிதாக எழுதியிருப்பார்கள், ஐ5 1235யு-வில் வேகமான கோர் இரண்டுதான், மீதி எட்டும் மின்சாரத்தை மிச்சப்படுத்துகிற சின்னக் கோர். மோசமில்லை, ஆனால் பத்து என்ற எண்ணை நம்பிப் பணம் கொடுக்கக் கூடாது.

பிறகு ஸ்கிரீன். இந்த விலையில் நிறைய மெஷின்களில் வெளிச்சம் 250 நிட்ஸ், நிறம் 45 சதவீதம் என்.டி.எஸ்.சி., அதாவது வெளிறிய நிறம். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தால் கறுப்பு பின்னணியில் எழுதிய கோட் தெரியாது, முகம்தான் தெரியும். கீல் பிளாஸ்டிக்கில் பதித்த சின்ன உலோகத் திருகில் நிற்கும். தினமும் பத்துத் தடவை திறந்து மூடினால் மூன்றாம் வருஷம் மூலை விரியும். இதெல்லாம் ஷோரூமில் கேட்டால் சொல்ல மாட்டார்கள். ஆஃபீஸ் இலவசம், பை இலவசம் என்பார்கள். புதுசுதான் வேண்டும் என்கிறவர்கள் 7530யு-வோ அதற்கு மேலோ, 16 ஜிபி ராம், குறைந்தது ஒரு ஸ்லாட் காலி, 300 நிட்ஸ் ஐபிஎஸ் ஸ்கிரீன் (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் மாறாத வகை) என்று எழுதிக்கொண்டு போய் அதில் ஒன்று குறைந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். எங்கள் பட்ஜெட்டில் அப்படி ஒன்றே ஒன்று இருந்தது, 64,000. வாங்கியிருந்தால் கையில் ஆயிரம் ரூபாய் மிஞ்சியிருக்கும்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். சாஃப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்ததும் பெரும்பாலும் அவர்களே லேப்டாப் கொடுத்துவிடுவார்கள். சொந்த மெஷினில் கம்பெனி கோடைத் தொடவே விட மாட்டார்கள். ஆகவே இப்போது வாங்குவது படிக்க, புராஜெக்ட் செய்ய, இன்டர்வியூவில் ஸ்கிரீன் ஷேர் செய்ய. ஒன்றரை இரண்டு வருஷத்துக்கு நன்றாக உழைக்க வேண்டும், அதற்கப்புறம் வீட்டில் இருக்கும். இதற்காக வீட்டில் இருக்கிற காசை மொத்தமாகக் கொட்ட வேண்டியதில்லை.

அதனால்தான் பிசினஸ் லேப்டாப். டெல் லாட்டிட்யூட், எச்பி எலைட்புக், லெனோவோ திங்க்பேட் என்ற மூன்று வரிசைகள். கம்பெனிகள் ஆயிரக்கணக்கில் வாங்கி, குத்தகைக் காலம் முடிந்ததும் மொத்தமாகக் கழிப்பதால் சந்தைக்கு வருகின்றன. புதிதாக விற்கும்போது இவை ஒரு லட்சத்தை ஒட்டிய மெஷின்கள். கீல் உலோகச் சட்டத்தில் நிற்கும், கீபோர்டு நாள் முழுக்கத் தட்டுவதற்கென்று செய்தது. எந்தத் திருகை எந்த வரிசையில் கழற்ற வேண்டும் என்று விளக்கும் சர்வீஸ் கையேட்டை மூன்று கம்பெனிகளுமே இலவசமாக வெளியிடுகின்றன. ரிச்சி தெருவில் இவற்றுக்கு கீபோர்டும் கீலும் ஃபேனும் தனித்தனியாகக் கிடைக்கும். என் பழைய லேப்டாப்புக்கு நடந்தது இவற்றுக்கு நடந்தால் போர்டைத் தூக்கிப் போட வேண்டிய அவசியம் பெரும்பாலும் இருக்காது, பாகத்தை மாற்றிக்கொள்ளலாம்.

எந்தத் தலைமுறை என்பதில் மட்டும் கறாராக இருக்க வேண்டும். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இன்டெல் எட்டாம் தலைமுறை பிராசசருக்குக் கீழே முறைப்படி ஏறாது. ஆறு, ஏழாம் தலைமுறை மெஷின்களை இப்போது 15,000-க்குத் தள்ளிவிடுகிறார்கள், தொடாதீர்கள். 2018-ன் திங்க்பேட் டி480 இன்னும் பலருக்குப் பிரியமான மெஷின், இரண்டு ராம் ஸ்லாட், வெளியே கழற்றுகிற பேட்டரி. ஆனால் அந்தக் காலத்து திங்க்பேட்களில் தண்டர்போல்ட் ஃபர்ம்வேரை, அதாவது போர்ட்டை இயக்குகிற உள் மென்பொருளை, புதுப்பிக்காமல் விட்டால் யுஎஸ்பி-சி போர்ட்டே செயலிழக்கும் என்ற பழுது உண்டு, பார்த்துத்தான் வாங்க வேண்டும். நான் பதினோராம் தலைமுறையைச் சொன்னேன்: லாட்டிட்யூட் 5420 அல்லது எலைட்புக் 840 ஜி8. 2021-ல் வந்தவை, இரண்டிலும் ராம் ஸ்லாட் இரண்டு, எடை ஒன்றரைக் கிலோவுக்குள், யுஎஸ்பி-சியில் சார்ஜ் ஏறும். அதே வருஷத்து திங்க்பேட் டி14-ல் ஒரு ராம் போர்டில் ஒட்டியது, ஒரு ஸ்லாட்தான்.

குறைகளையும் அவளிடம் மறைக்கவில்லை. நாலு கோர்தான், புது 7530யு பெரிய புராஜெக்ட்டை இதைவிட வேகமாகக் கட்டும். கேமரா சுமார். பேட்டரி ஏற்கெனவே தேய்ந்தது. கடை வாரன்டி மூன்று மாதம். 8 ஜிபி மெஷினை வாங்கிப் பிறகு ராம் போட்டுக்கொள்ளலாம் என்று முன்பெல்லாம் சொல்வேன். 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறிக் கிடக்கிறது. ஒரு வருஷம் முன்னால் சொன்ன விலைக்கு இரண்டு மடங்குக்கு மேல் கேட்கிறார்கள். ஆகவே 16 ஜிபி உள்ளே இருப்பதாகவே பார்த்து வாங்குவதுதான் இப்போது லாபம்.

அந்தச் சனிக்கிழமை மூன்று பேரும் கிளம்பினோம். மாமாவையும் கட்டாயப்படுத்திக் கூட்டிப்போனேன். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கி நடந்தால் ரிச்சி தெரு. முதல் கடையில் பின்மூடியைக் கழற்றிக் காட்டச் சொன்னேன், முடியாது என்றார்கள். நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டோம். இரண்டாவது கடைக்காரர் தானே ஸ்க்ரூடிரைவரை எடுத்தார்.

மணலியில் கன்டெய்னர் யார்டில் மாமாவின் வேலை, உள்ளே வருகிற பெட்டியைச் சுற்றிப் பார்த்து எங்கே நசுங்கல், எங்கே துரு, எது ஒட்டுப்போட்டது என்று குறித்துக் கொடுப்பது. இருபது வருஷமாக அதைச் செய்கிறார். கடைக்காரர் முதலில் வைத்த 5420-ஐ எடுத்துப் போன் டார்ச்சை மூடியின் மேல் சாய்த்துப் பிடித்தார். விரல் நுனியால் ஓரத்தைத் தடவினார். “இது பெயின்ட் அடிச்சது” என்றார். மூலையில் பார்த்தால் உண்மைதான், திருகுக் குழிக்குள் வரைக்கும் பெயின்ட் இறங்கியிருந்தது. கடைக்காரர் மறுக்கவில்லை, பேசாமல் வேறொன்றை எடுத்து வைத்தார். அதன் பின்மூடியைத் திறந்ததும் மாமா திருகுத் தலைகளையும், நான் கனெக்டர்களையும் பார்த்தோம். துரு இல்லை, வெள்ளைப் படிவு இல்லை, பச்சைக் களிம்பு இல்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் நனைந்த மெஷின்கள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கலாம், அதனால் இதை விட்டுக்கொடுக்கவே கூடாது. ஒரு ஸ்லாட்டில் 16 ஜிபி, இன்னொன்று காலி.

அப்புறம் என் முறை. ஆன் செய்து எஃப்2 அழுத்தி பயாஸுக்குள், அதாவது விண்டோஸுக்கு முன்னால் வருகிற அடிப்படை செட்டிங்குக்குள், போனேன். அட்மின் பாஸ்வேர்டு கேட்டால் பழைய கம்பெனி பூட்டு இன்னும் இருக்கிறது என்று அர்த்தம், கேட்கவில்லை. அப்சலூட் என்கிற கண்காணிப்பு வசதி அணைந்திருக்கிறதா என்று பார்த்தேன். பயாஸில் காட்டிய சர்வீஸ் டேகும் (டெல் ஒவ்வொரு மெஷினுக்கும் தருகிற அடையாள எண்) அடியில் ஒட்டியிருந்ததும் ஒன்றாக இருந்தன. அந்த எண்ணை டெல் தளத்தில் போட்டால் மெஷின் எப்போது அனுப்பப்பட்டது, என்னென்ன பாகத்தோடு வந்தது என்று காட்டும். விண்டோஸை முழுதாக ரீசெட் செய்து வைஃபையில் இணைக்கச் சொன்னேன். அரை மணி நேரம் ஆகும், பரவாயில்லை, டீ குடித்தோம். இணைத்ததும் ஏதாவது கம்பெனி பெயரோடு லாகின் கேட்டால் அந்த மெஷின் இன்னும் அவர்கள் கணக்கில் இருக்கிறது, எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். சாதாரண வரவேற்புத் திரைதான் வந்தது.

டிஸ்ப்ளே செட்டிங்கில் ரெசல்யூஷன் 1920 × 1080 காட்டியது. 5420-ஐ தெளிவு குறைந்த 1366 × 768 ஸ்கிரீனோடும் விற்றிருக்கிறார்கள், வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். வெள்ளைப் படத்தை முழுத்திரையில் வைத்துப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்தோம். கீபோர்டில் ஒவ்வொரு எழுத்தாக அவளே தட்டினாள், எல்லா போர்ட்டிலும் பென்டிரைவைச் செருகினாள். பேட்டரி ரிப்போர்ட் எடுத்தேன்: முதலில் 63,000 மில்லிவாட்-மணி கொள்ள வேண்டியது, இப்போது 46,000 கொள்கிறது. 73 சதவீதம். அதைக் காட்டி ஆயிரம் ரூபாய் குறைத்தோம். ஜிஎஸ்டி பில்லோடு 31,000. மாமா கேட்ட பில் கிடைத்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் நான் செய்து கொடுத்தது ஒன்றுதான். டாக்கருக்காக விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டுகிற டபிள்யூஎஸ்எல்லைத் தானாக விட்டால் மொத்த ராமில் பாதி வரை எடுத்துக்கொள்ளும், அதன் செட்டிங் ஃபைலில் 5 ஜிபி என்று வரம்பு போட்டேன். புராஜெக்ட் ஃபைல்களை சி டிரைவில் வைக்காமல் லினக்ஸ் பக்கத்திலேயே வைக்கச் சொன்னேன், இரண்டுக்கும் நடுவே போய் வந்தால் பில்ட் இழுக்கும். அவளுடைய நூலக புராஜெக்ட், அதே பதினெட்டு டேப், அதே டாக்கர் எல்லாம் திறந்து ரன் அழுத்தினாள். பதினோரு வினாடி.

மீதி 34,000. அதில் 5,500-க்குப் பழைய 24 அங்குல மானிட்டர் ஒன்று வாங்கினோம், வீடியோ பாடம் ஒரு பக்கம் கோட் ஒரு பக்கம் வைக்க அது இல்லாமல் முடியாது. கரண்ட் போனாலும் நெட் போகாமல் இருக்க ரூட்டருக்கு ஒரு சின்ன யுபிஎஸ். மேஜையை ஜன்னலிலிருந்து உள்சுவர்ப் பக்கம் நகர்த்தினோம், அதற்குக் காசு இல்லை. பேட்டரி மாற்ற என்று 5,000 ஒதுக்கி, மீதியை அக்கா பேரில் பேங்கில் போட்டாயிற்று. காலியாக இருக்கிற அந்த ஸ்லாட்டுக்கு ராம் விலை இறங்கட்டும் என்று காத்திருக்கிறோம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பின்மூடியைத் திறந்து தூசு தட்டுகிற வேலையை மாமா தானே ஏற்றுக்கொண்டார், அதற்கென்று ஒரு நல்ல ஸ்க்ரூடிரைவர் செட்டும் மின்ட் தெருப் பக்கத்திலிருந்து வாங்கி வந்துவிட்டார்.